முதல் வழுவை முதலில் வாசிப்போம்



நாங்கள் தரம் 11 இல் இருந்தபோது நடந்ததை வைத்தே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். அன்று தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கான செயன்முறை வகுப்பு. வெளியே ஹட்டன் மழை. நோர்வூட் பக்கத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் தோழியும் நானும் ஒரே கணினியின் முன் அமர்ந்திருந்தோம். அவளுடைய அம்மா கொழுந்து எடுப்பவர். ஒரு வாரத்தில் அம்மா எடுத்த கொழுந்தின் நிறையைக் கூட்டிச் சொல்லும் ஒரு சிறிய செய்நிரலை, பஸ்கால் மொழியில் அவளே எழுதியிருந்தாள். இயக்கிப் பார்த்தோம். திரையில் 9 வழுக்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் ஆங்கிலத்தில்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒம்பது பிழைடி. எனக்கு இங்கிலீசும் வராது, இதுவும் வராது. உயர்தரத்துல இந்தப் பாடத்த எடுக்க மாட்டேன்" என்றாள்.

ஆசிரியை வந்து பார்த்தார். ஒரு வரியை மட்டும் சேர்த்தார். மீண்டும் இயக்கினார். ஒன்பது வழுக்களும் ஒரேயடியாக மறைந்துவிட்டன. மொத்த நிறையை வைப்பதற்கான மாறியை அவள் மேலே அறிவிக்க மறந்திருந்தாள். அந்த மாறி கீழே ஒன்பது இடங்களில் வந்ததால், ஒரே மறதி ஒன்பது வழுக்களாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்காக ஒரு மாணவி ஒரு பாடத்தையே விடப் பார்த்தாள். இப்போது உயர்தரத்தில் இருவரும் அதே பாடத்தைப் படிக்கிறோம். இந்த இரண்டு வருடங்களில் நாங்கள் விட்ட பிழைகளும், அவற்றிலிருந்து கற்றவையும் தங்கையருக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

தொகுப்பான் என்ன செய்கிறது?

கணினியின் முறைவழியாக்கிக்குத் தெரிந்தது 0, 1 ஆகிய இரண்டால் ஆன இயந்திர மொழி மட்டுமே. நாம் எழுதும் பஸ்கால் நிரலை அந்த மொழிக்கு மாற்றித் தருவது தொகுப்பான், அதாவது கொம்பைலர். முழு நிரலையும் வாசித்து, இலக்கணம் சரியாக இருந்தால் மட்டுமே மாற்றிக் கொடுக்கும். உயர்தரத்தில் நாம் படிக்கும் பைதன் மொழியை வரிமொழிமாற்றி இயக்குகிறது என்று படிக்கிறோம். ஆனால் அங்கும் நிரல் ஓடத் தொடங்குமுன் இலக்கணம் பார்க்கப்படுகிறது.

வழுக்கள் மூன்று வகைப்படும். முதலாவது தொடரியல் வழு. அரைப்புள்ளியை விடுதல், அடைப்புக்குறியை மூடாமல் விடுதல், கட்டளைச் சொல்லை எழுத்துப் பிழையுடன் எழுதுதல் போன்றவை இதில் அடங்கும். இரண்டாவது இயக்கநேர வழு. இலக்கணம் சரியாக இருக்கும், ஓடும்போது நின்றுவிடும். ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுக்கச் சொல்வது இதற்கு உதாரணம். மூன்றாவது தருக்க வழு. நிரல் நன்றாக ஓடும். விடை மட்டும் பிழையாக இருக்கும். இம்மூன்றிலும் நாம் அதிகம் பயப்படுவது முதலாவதுக்கு. உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது மூன்றாவதுக்கு. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

தொகுப்பான் வழுவைக் காட்டும்போது

1. முதல் வழுவை மட்டும் வாசியுங்கள். மலையின் உச்சியில் ஒரு கான் அடைத்துக்கொண்டால் கீழே உள்ள எல்லா லயத்து வாசலிலும் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு வாசலிலும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மேலே போய் அந்தக் கானைத் திறக்க வேண்டும். தொகுப்பான் காட்டும் வழுக்களும் பெரும்பாலும் இப்படித்தான். முதலாவதைத் திருத்திவிட்டு உடனே மீண்டும் தொகுத்துப் பாருங்கள். மற்றவற்றில் பல தாமாகவே போய்விடும்.

2. சொன்ன வரியோடு அதற்கு முந்திய வரியையும் பாருங்கள். பஸ்காலில் 7 ஆம் வரியின் முடிவில் அரைப்புள்ளி இல்லையென்றால், வழு 8 ஆம் வரியில் இருப்பதாகவே பெரும்பாலும் காட்டப்படும். தொகுப்பான் பொய் சொல்லவில்லை. 8 ஆம் வரியின் முதற் சொல்லைக் கண்ட பிறகுதான், நடுவில் ஏதோ விடுபட்டிருப்பது அதற்குத் தெரிகிறது. பைதனின் பழைய பதிப்புகளிலும் இதே கதைதான். மூடாத அடைப்புக்குறி ஒரு வரியில் இருக்கும். வழு அடுத்த வரியில் காட்டப்படும். 2021 இல் வெளிவந்த பைதன் 3.10 இலிருந்து, 'இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை' என்று சரியான இடத்தையே காட்டுகிறது.

3. ஆங்கிலச் செய்தியைக் கண்டு ஒதுங்காதீர்கள். நாம் அடிக்கடி காணும் செய்திகள் பத்துக்கும் குறைவு. அவற்றைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைத்தால் போதும். நானும் தோழியும் எழுதி வைத்தவற்றில் சில:

'எக்ஸ்பெக்டட், பட் பவுண்ட்' என்றால், 'இங்கே ஒன்றை எதிர்பார்த்தேன், வேறொன்றைக் கண்டேன்' என்று பொருள். எதை எதிர்பார்த்தது என்பதையும் அதே வரியில் சொல்லும்.

பஸ்காலில் 'ஐடென்டிபையர் நொட் பவுண்ட்', பைதனில் 'நேம் இஸ் நொட் டிபைன்ட்' இரண்டும் ஒரே குடும்பம். 'இந்தப் பெயரை எனக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை' என்பது கருத்து. மாறியை அறிவித்தோமா, பெறுமானம் கொடுத்தோமா, பெயரின் எழுத்துகள் இரண்டு இடத்திலும் ஒன்றுதானா என்று பாருங்கள். பைதனில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பஸ்காலில் அந்த வேறுபாடு இல்லை. அதனால்தான் சாதாரண தரத்திலிருந்து வரும் நாம் இதில் அதிகம் சறுக்குகிறோம்.

'அன்எக்ஸ்பெக்டட் இன்டென்ட்' என்றால், வரியின் தொடக்கத்தில் தேவையில்லாத இடைவெளி இருக்கிறது. 'டெப் எரர்' என்றால், இடைவெளிக்குச் சில வரிகளில் டெப் விசையையும் சில வரிகளில் இடைவெளி விசையையும் கலந்து அழுத்திவிட்டோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் இதைத் தேடி நாங்கள் ஒருமுறை ஒரு முழுப் பாடவேளையையும் இழந்தோம்.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவசரத்தில் நான்கு இடங்களை மாற்றி இயக்கினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது. சரிவராவிட்டால் புதிதாக எதைக் கெடுத்தோம் என்றும் தெரியாது.

5. இன்னும் பிடிபடவில்லையென்றால் நிரலைப் பாதியாக்குங்கள். கீழ்ப் பாதியைக் கருத்துரையாக மாற்றி ஓரமாக வைத்துவிட்டு மேற்பாதியை மட்டும் இயக்குங்கள். அது ஓடினால் வழு கீழே இருக்கிறது. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 100 வரிகள் கொண்ட நிரலிலும் ஏழெட்டு முறையில் இடத்தைப் பிடித்துவிடலாம்.

தொகுப்பான் பேசாமல் இருக்கும்போது

உயர்தரம் வந்ததும் என் தோழி அதே கொழுந்துக் கணக்கைப் பைதனில் எழுதினாள். காலை நிறுவையில் 12 கிலோ, மாலை நிறுவையில் 15 கிலோ என்று கொடுத்தாள். ஒரு வழுவும் வரவில்லை. விடையாக 1215 வந்தது. வீட்டில் அம்மாவிடம் சொன்னாளாம். "ஆயிரத்து இருநூத்திப் பதினஞ்சு கிலோவா? அத மடுவத்துக்குத் தூக்கிட்டுப் போக லொறிதான் வரணும்" என்று அவர் சிரித்தாராம்.

பைதனில் விசைப்பலகையால் கொடுப்பது எதுவும் எழுத்துச் சரமாகவே உள்ளே போகும். எண்ணாக மாற்றும்படி நாம் சொல்லாவிட்டால், 12 ஐயும் 15 ஐயும் கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். 1215 என்பதால் உடனே பிடிபட்டது. 27 க்குப் பதிலாக 26 வந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஒரு கிலோ குறைந்தால் ஒரு தாயின் உழைப்பில் அல்லவா குறைகிறது? அதனால்தான் தருக்க வழுவுக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்றேன். கையால் கணக்குப் பார்த்து விடை தெரிந்த இரண்டு மூன்று உதாரணங்களை முதலில் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் நிரலை நம்ப வேண்டும்.

ஒட்டுப் போடுவதும் ஒரு கலை

இனி என் சொந்தத் தவறுக்கு வருகிறேன். மென்பொருளில் பின்னர் கண்டுபிடிக்கப்படும் குறைகளைத் திருத்த அதை உருவாக்கியவர்கள் வெளியிடும் சிறு திருத்தத்துக்கு 'பேட்ச்' என்று பெயர். ஒட்டுத் துணி என்பதே அந்தச் சொல்லின் பொருள். அந்தக் காலத்தில் நிரல்களைத் துளையிட்ட காகித நாடாவில் எழுதினார்கள். பிழையான துளையை அடைக்க அதன்மேல் உண்மையாகவே ஒரு துண்டை ஒட்டினார்கள்.

எங்கள் கணினிக் கூடத்தில் விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகள் சில இருக்கின்றன. அவற்றில் பைதன் 3.4 இருந்தது. புதிய பதிப்பைப் போட்டால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்து, செயன்முறைப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நானே ஒரு கணினியில் வேலையைத் தொடங்கினேன். முதலில் பழைய பதிப்பை அழித்துவிட்டேன். பிறகு பென்டிரைவில் கொண்டுவந்த புதிய பதிப்பை நிறுவப் பார்த்தேன். அது மறுத்துவிட்டது. பைதன் 3.9 உம் அதற்குப் பிந்தியவையும் விண்டோஸ் 7 இல் இயங்கா என்பது எனக்கு அப்போது தெரியாது. அடுத்து 3.8 ஐப் போட்டேன். நிறுவியது போலிருந்தது. திறந்தால், டிஎல்எல் கோப்பு ஒன்று இல்லை என்று செய்தி வந்தது. ஏதாவது ஓர் இணையத்தளத்திலிருந்து அந்தக் கோப்பை மட்டும் இறக்கிப் போடலாமா என்று யோசித்தேன். ஆசிரியை பார்த்துத் தடுத்தார். முன்பின் தெரியாத இடத்திலிருந்து அப்படி எடுக்கும் கோப்பில் வைரஸ் ஒளிந்திருக்கலாம்.

அன்று மாலை கடையில் வாப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். வாப்பா ஹட்டன் டவுனில் தையற்கடை வைத்திருக்கிறார். "கிழிசல அளக்காம, துணி என்னண்டு பாக்காம ஒட்டுப் போட ஏலுமா மகள்? அதுக்கு முந்தி இருந்ததையும் வெட்டி எறிஞ்சிட்டீங்களே" என்றார். கணினி தெரியாத வாப்பா என் பிழையைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் ஆசிரியையோடு இருந்து முறைப்படி செய்தோம். முதலில் அளவெடுத்தோம். கணினியின் பண்புகள் பக்கத்தைத் திறந்து, அது விண்டோஸ் 7 சேர்விஸ் பேக் 1 என்றும், 32 பிட் வகை என்றும் குறித்துக்கொண்டோம். காணாமற் போன கோப்பு, விண்டோஸ் 7 க்கென மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட 'கேபி 2999226' என்ற திருத்தத்தில் வருகிறது என்று ஆசிரியை தேடிக் கண்டுபிடித்தார். அதை மைக்ரோசொப்டின் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்தோம். நிறுவியபோது, 'இந்தத் திருத்தம் உங்கள் கணினிக்குப் பொருந்தாது' என்று வந்தது. மனம் உடைந்துவிட்டது. செய்தியை மீண்டும் வாசித்தோம். பொருந்தாது என்றுதானே சொல்கிறது? பார்த்தால், எடுத்து வந்தது 64 பிட் வகைக்கானது! 32 பிட் வகைக்கானதை எடுத்து நிறுவி, கணினியை மீளத் தொடக்கினோம். அல்ஹம்துலில்லாஹ், பைதன் 3.8 திறந்தது. அந்த ஒரு கணினியில் எல்லா நிரல்களையும் இயக்கிப் பார்த்த பின்னரே மற்றக் கணினிகளைத் தொட்டோம்.

இதிலிருந்து நான் கற்ற ஒழுங்கு இதுதான்: இருப்பது எந்தப் பதிப்பு, எத்தனை பிட் என்று எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள். உருவாக்கியவரின் தளத்திலிருந்து மட்டும் பெறுங்கள். புதியது ஓடுகிறது என்று உறுதியாகும்வரை பழையதை அழிக்காதீர்கள். முதலில் ஒரு கணினியில் மட்டும் சோதியுங்கள். பரீட்சைக்கு முந்திய நாட்களில் எதையும் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. விண்டோஸ் 7 க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14 ஆம் திகதியுடன் பொதுவாக நிறுத்திவிட்டது. ஆகவே அந்தப் பழைய கணினிகளை நாம் இணையத்துடன் இணைப்பதில்லை. பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

ஒட்டுப் போடாமல் விட்டால்?

"இவ்வளவு தொல்லையென்றால் திருத்தங்களைப் போடாமலே இருந்துவிடலாமே" என்று ஒரு தங்கை கேட்டாள். அதற்கான பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2023 இல் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியாமற் போனது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அப்போது பயன்பாட்டில் இருந்தது 2013 ஆம் ஆண்டுப் பதிப்பான மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச். அந்தப் பதிப்புக்கான ஆதரவு அதே வருடம் ஏப்ரல் 11 ஆம் திகதியே முடிந்திருந்தது.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின. விமானப் பயணங்கள் தடைப்பட்டன. வைத்தியசாலைகளும் வங்கிகளும் தடுமாறின. போடாமல் விட்டாலும் ஆபத்து. சோதிக்காமல் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் போட்டாலும் ஆபத்து. சோதித்துப் போடுவதே வழி.

ஒரு பூச்சியும் ஒரு குறிப்பேடும்

1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற கணினி சரியாக இயங்கவில்லை. தேடிப் பார்த்தபோது, உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அங்கு வேலை செய்தவர்கள் அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இன்றும் அமெரிக்க நூதனசாலையொன்றில் இருக்கிறது. அந்தக் குழுவில் பணியாற்றியவர் கிரேஸ் ஹொப்பர் என்ற பெண்மணி. 1952 இல் ஏ-0 என்ற முறைமையை உருவாக்கித் தொகுப்பானுக்கு வழிகாட்டிய முன்னோடியும் அவரே. கணினி ஆண்களுக்குரிய துறை என்று யாராவது உங்களிடம் சொன்னால், தொகுப்பானின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பூச்சியை விட அந்தக் குறிப்பேடுதான் எனக்குப் பிடித்தது. வழுவை வெட்கப்பட்டு மறைக்காமல், திகதி போட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். நாங்களும் எங்கள் கணினிக் கூடத்தில் ஒரு பழைய கொப்பியை அப்படி வைத்திருக்கிறோம். திகதி, வந்த செய்தி, காரணம், செய்த திருத்தம் என்று நான்கு நிரல்கள். முதல் பக்கத்தில் என் தோழியின் 9 வழுக்கள் இருக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் நான் கெடுத்த கணினி இருக்கிறது. இந்த வருடம் தரம் 10 தங்கை ஒருத்தி அந்தக் கொப்பியைப் பார்த்துத் தன் வழுவைத் தானே திருத்திக்கொண்டாள். யாரையும் கூப்பிடவில்லை.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் ஒரு மணித்தியாலமாக ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், நேரத்தை வீணாக்குகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். அவள் ஓர் அரைப்புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கலாம். "எங்கே பிழை வந்தது, என்ன சொல்கிறது?" என்று ஒருமுறை கேளுங்கள். உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதே பல தடவை அவளுக்கு விடை கிடைத்துவிடும். எனக்கு என் வாப்பாவிடமிருந்து கிடைத்தது அப்படித்தான்.

தங்கையரே, தொகுப்பான் நம்மை ஏசுவதில்லை. நமக்கு மதிப்பெண் போடுவதுமில்லை. எந்த வரியில் தனக்கு விளங்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. ஒன்பது வந்தாலும் தொண்ணூறு வந்தாலும் முதலாவதை வாசியுங்கள். அதைத் திருத்துங்கள். மீண்டும் இயக்குங்கள்.

என் தோழி இப்போது கொழுந்துக் கணக்கு நிரலை ஒரு மாதத்துக்குரியதாக விரிவாக்கிக்கொண்டிருக்கிறாள். நேற்று இயக்கியபோது மூன்று வழுக்கள் வந்தன. "மூணுதான்டி" என்றாள்.